நான் இல்லாத குரூப்

தாடையில்தான் அது முதலில் தொடங்கியது. காலையில் எழுந்ததும் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் வலிக்கும். தூக்கத்தில் எதையோ விடாமல் கடித்துக்கொண்டிருந்ததுபோல் இருக்கும். சொத்தைப் பல்லாயிருக்கும் என்று உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

அப்போது நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, கீழே ரிங்லெட் ஊரின் ஏரிக்கரை வழியாகத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விட வேண்டும். மதியம் திரும்பக் கூட்டி வர வேண்டும். நடுவில் தோட்டத்து வேலைகள் இருக்கும். உடம்பு முடியாதவர்களைக் கிளினிக்குக் கொண்டுபோவேன், தொழிற்சாலைக்கு வேண்டிய சாமான் வாங்கி வருவேன். துரை கூப்பிட்டால் உடனே போய் நிற்பேன். துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தச் சொல் எங்கள் வாயைவிட்டுப் போகவில்லை.

கஷ்டமான வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூட்டை தூக்குவதில்லை, மழையில் நனைந்து கொழுந்து எடுப்பதில்லை. அதனாலேயே எனக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் காலையில் கண் திறந்தவுடன் கை போனைத் தேடும். வேனுக்கென்று பெற்றோர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். "அண்ணே எங்க வர்றீங்க?" "அண்ணே இன்னிக்கு என் மகன் வரல." "அண்ணே, நேத்து பாப்பாவோட தண்ணி போத்தல் வேன்லயே இருக்கு, பாருங்க." பனி இறங்கிய நாளில் மெதுவாகப் போனால் பள்ளிக்கூட வாசலில் தாமதத்துக்குப் பேச்சு விழும். வேகமாகப் போனால் அன்று மாலையே ஒரு தாய் குரூப்பில் எழுதுவாள். பள்ளி விடுமுறை நாள்களில் கோலாலம்பூர்க் காடிகள், சுற்றுலா வருகிறவர்களின் கார்கள், மலை முழுக்க அடைத்துக்கொள்ளும். கியா பார்ம் சந்தைப் பக்கம் ஏதாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் நடுவில் அசைய முடியாமல் உட்கார்ந்திருப்பேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டுத் துரை போன் அடித்துக்கொண்டே இருப்பார்.

ஒவ்வொன்றாகச் சொன்னால் சிரிப்பு வரும். இதெல்லாம் ஒரு பாரமா என்று எவரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் குரல் மாறியது எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத்தான் தெரிந்தது. அவள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் சாயங்காலம் சட்டை பொத்தான் அறுந்திருந்ததற்கு நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இப்பல்லாம் சும்மா பேசினாலே கத்துறீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகலலா. பல்லு வலி" என்றேன்.

பிறகு நெஞ்சு இறுகத் தொடங்கியது. வாயு என்று முடிவு செய்துகொண்டேன். ஓமத் தண்ணீர் குடித்தேன், தைலம் தேய்த்தேன். வேனில் ஏறியதும் பட்டையை யாரோ இழுத்துக் கட்டியதுபோல் விலாவைச் சுற்றி இறுகும். பள்ளியில் பிள்ளைகள் இறங்கியதும் தளரும். வாயுவுக்கு எப்படி நேரம் காலம் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஏரிக்கரையில் ஒரு வளைவு உண்டு. மலைமேலுள்ள திரிங்காப் பக்கத்துக் காய்கறி லோரிகள் கீழே இறங்கும்போது அந்த வளைவில் பாதி ரோட்டை எடுத்துக்கொள்ளும். எத்தனையோ வருடமாக அவற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய இடம். ஒரு காலையில், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்து, வழக்கம்போல் உரசாமல் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அது போன பிறகு என் கைகள் ஸ்டியரிங்கில் இருக்கின்றனவா என்றே எனக்குத் தெரியவில்லை. விரல்கள் மரத்துவிட்டன. காதுக்குள் தண்ணீர் புகுந்ததுபோல் பிள்ளைகளின் சத்தம் தூரத்தில் கேட்டது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். அந்த நினைப்போடே ஓரமாக வேனை நிறுத்திப் பிரேக் போட்டேன்.

"ஏன் மாமா நிக்குறோம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எஞ்சின் சூடாயிருச்சு. கொஞ்ச நேரம் இருங்க" என்றேன்.

பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கை திரும்பி வந்தது. வேனை எடுத்தேன், பள்ளியில் விட்டேன். பிறகு பள்ளிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர். அவன் மகள் என் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். முன்சீட்டு அவளுடையது. அதில் வேறு பிள்ளை உட்கார்ந்தால் அழுதுவிடுவாள்.

தொழிற்சாலைக்குப் பின்னால், காய்ந்த விறகு அடுக்கிய கொட்டகையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சொன்னேன். வளைவு, கை, மூச்சு, எல்லாவற்றையும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை நீட்டி நடுக்கிக் காட்டினேன், வாயைத் திறந்து மூச்சு முட்டிக் காட்டினேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"எத்தன நாளா இப்படி?"

"தெரியலடா. பல்லு வலிலேர்ந்துன்னு நெனைக்கிறேன்."

"வீட்ல சொன்னியா?"

"இல்ல. அவ பயந்துருவா."

என் தோளைப் பிடித்து அழுத்தினான். "யார்கிட்டயும் சொல்லாத. துரை காதுக்குப் போனா வேன்லேர்ந்து இறக்கிருவாரு. நான் சொல்ல மாட்டேன், போதுமா? மலை எறங்குறப்ப ஜன்னல தொறந்து வச்சுக்க, வாயில புளிப்பு மிட்டாய் போட்டுக்க. ஒண்ணும் ஆகாதுலா."

அன்று திரும்பி நடந்தபோது உடம்பே லேசாகிவிட்டது. ஒருவனுக்காவது தெரியும் என்பது அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. மிட்டாய் வாங்கி வேனில் வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் குரூப் அமைதியானது. காலையில் கண் விழித்துப் போனைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. "எங்க வர்றீங்க" இல்லை, தண்ணி போத்தல் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருவழியாக இந்தப் பெற்றோர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். தாடை வலிகூடக் குறைந்தது. அவனிடமே போய்ச் சொன்னேன்: "உங்கிட்ட சொன்னதுலேர்ந்து எனக்கு நல்லாருக்குடா. குரூப்பும் சத்தமில்லாம இருக்கு."

"நல்லதுதானே" என்றான். கீழே குனிந்து ஏதோ திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பிறகு பிள்ளைகள் குறையத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒன்றைச் சித்தப்பா கொண்டுபோகிறாராம். அவன் மகளின் முன்சீட்டும் காலியானது. பாட்டு வகுப்பு இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று அவன் மனைவி சொன்னாள். காலையில் என்ன பாட்டு வகுப்பு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை மேல் லைனில் கொண்டுபோய் வேனை நிறுத்தினேன். எப்போதும் பைகளோடு கும்பலாக நிற்கும் இடம். யாரும் இல்லை. விடுமுறையை மறந்துவிட்டேனோ என்று போனில் தேதியைப் பார்த்தேன். ஹார்ன் அடித்தேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு தாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பிள்ளைகள் இருவரையும் முதல் வகுப்பிலிருந்து நான்தான் ஏற்றிப்போகிறேன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "உங்களுக்கு ஓட்டறப்ப மயக்கம் வருதாம்ல? கை நடுங்கி, மூச்சு நின்னு... ஏரிக்கிட்ட வேன் உள்ள போகப் பாத்துச்சாமே. புள்ளைங்கல்லாம் இருக்கறப்ப..."

"யாரு சொன்னா?"

 இரக்கப்பட்டவள்போல் தன் போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். புது குரூப் ஒன்று. எல்லாப் பெற்றோர்களும் அதில் இருந்தார்கள். என்னை மட்டும் சேர்க்கவில்லை. யார் பிள்ளையை யார் காடியில் ஏற்றிக்கொள்வது என்று அன்றாடம் அதில் பேசி வைத்திருந்தார்கள். குரூப்பைத் தொடங்கியவன் என்று என் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் மேலேயே இருந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழ் லைனிலிருந்து அவனுடைய காடி ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. பின்சீட்டில் நெருக்கியடித்துப் பிள்ளைகள். முன்சீட்டில் அவன் மகள். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

குரூப் அமைதியானதற்குச் சந்தோஷப்பட்டு அவனிடமே போய்ச் சொன்னதை அப்போது நினைத்துப் பார்த்தேன். போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் காலி வேனைத் திருப்பினேன்.

அன்று மதியம் அதே விறகுக் கொட்டகைக்குப் போனேன். அவன் எனக்காகக் காத்திருந்ததுபோல் எழுந்து நின்றான்.

"எம்மவளும் அந்த வேன்லதான்டா உக்காந்திருந்தா" என்றான், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நீ சொன்ன அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. நான் என்ன செய்யறது?"

"என்கிட்ட சொல்லிருக்கலாம். வேன நிறுத்துடான்னு."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

 நிறுத்தியிருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பற்றி அவன் பயந்ததில் தப்பில்லை என்று அந்தக் கோபத்திலேயே எனக்குப் புரிந்தது. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. முழுசாகக் கோபப்படக்கூட அவன் இடம் வைக்கவில்லை.

"அப்ப யாருக்கும் சொல்லாதன்னு என்னை ஏன்டா சொன்ன?" என்றேன்.

அவன் குனிந்து சாப்பாட்டு டப்பாவை மூடினான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் ஆறியிருக்கும். சில நாள் கழித்து ரிங்லெட்டில், நாங்கள் எல்லோரும் வழக்கமாகப் போகும் பாய் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். டீ கொண்டுவந்து வைத்த பையன் தன் கையை நடுக்கிக் காட்டி, "அண்ணே, கொட்டிராம குடிங்க" என்றான். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். பாய் அவனை அதட்டி உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னருகே வந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி. உங்க கூட்டாளி வந்தா இப்படிச் செஞ்சு காட்டுவாரு. பசங்க அதப் பாத்துப் பழகிட்டானுங்க."

"எப்படி?"

பாய்க்குச் சொல்ல மனமில்லை. நான் விடவில்லை. தயங்கித் தயங்கி, கையை நீட்டி விரல்களை நடுக்கி, வாயைத் திறந்து மீன்போல் மூச்சு வாங்கிக் காட்டினார். விறகுக் கொட்டகையில் நான் அவனுக்குக் காட்டியதேதான். அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, இந்த மேசைகளுக்கு நடுவில் போட்டிருக்கிறான்.

டீயைக் குடிக்காமல் வந்தேன்.

வீட்டில் மனைவி அடுப்படியில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று. எப்படி இருக்கு என்றால் என்ன என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். அவன் செய்த துரோகத்தை, குரூப்பை, பாய் கடையை. அவளும் என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு செஞ்சது தப்புதான்" என்றாள். "ஆனா லைன் முழுக்கத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நான் உங்ககூட ஒரே கட்டில்ல படுக்கறவ. பல்லு வலின்னு சொன்னீங்க. நம்பி, கிராம்பு தேடிக்கிட்டு இருந்தேன்."

"நீ பயந்துருவன்னு..."

"பயந்துட்டுப் போறேன். அது என் பாடு. அவருகிட்ட அழுதீங்கல்ல? எங்கிட்ட ஏன் அழல?"

சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவன் எனக்குச் செய்தது என்னவோ, அதை நான் அவளுக்குச் செய்திருப்பதாக அவள் நினைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. "சட்டைய மாத்துங்க, கிளினிக் போலாம்" என்றாள். இருவரும் பஸ் ஏறிப் போனோம். இளம் வயது மலாய்க்கார டாக்டர் அம்மா. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். இதயத்தில் ஒன்றும் கோளாறில்லை என்றார். எனக்கு நிம்மதி வந்த அதே நேரத்தில் அவமானமும் வந்தது. அப்படியென்றால் நான் சும்மா நடித்தேனா?

அதை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மலாயில் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். எழுந்ததும் முதலில் எதைத் தொடுகிறீர்கள்? போனை. சாப்பிட்டுவிட்டு ஓட்டுகிறீர்களா? கறுப்புக் கோப்பி மட்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? தூங்குவதாகத்தான் நினைக்கிறேன். கடைசியாக எப்போது ஒருநாள் முழுக்க யாரும் உங்களைக் கூப்பிடாமல் இருந்தார்கள்? என்னால் நினைவுபடுத்த முடியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளாலும் முடியவில்லை.

"உங்கள் உடம்பு ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது" என்றார். "பல்லில் சொன்னது, நெஞ்சில் சொன்னது. நீங்கள் கேட்காததால் கடைசியில் கத்தியது." மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லி என்னோடு சேர்ந்து செய்து காட்டினார். அந்த அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு எங்களைவிட ஒழுங்காகச் செய்தாள். சரியாகும்வரை பிள்ளைகளை ஏற்றி ஓட்ட வேண்டாம் என்றார். நானே துரையிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நாற்று மேடைக்கு மாற்றினார். வேனுக்கு ரிங்லெட்டிலிருந்து வேறு ஆள் வந்தான்.

நாற்று மேடையில் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற அந்த மாதங்களில்தான் என் உடம்பைக் கவனிக்கக் கற்றேன். இறுக்கம் வரும் முன்பு நாக்கு மேலண்ணத்தில் போய் அழுந்துகிறது. தோள் காதை நோக்கி ஏறுகிறது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இதைக் கண்டுபிடித்தால் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்சம் நடப்பேன். வீட்டில் போனை அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டு, கோப்பிக்கு முன்னால் எதையாவது சாப்பிடுவேன். எல்லா நாளும் இதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். பலிக்காத நாளில், "இன்னிக்கு இறுக்கமா இருக்கு" என்று மனைவியிடம் சொல்வேன். முதலில் அதைச் சொல்லவே வாய் வராது. அவளும் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு, "சரி, வாங்க, விறகு பொறுக்கிட்டு வரலாம்" என்று கூட்டிப்போகத் தொடங்கினாள்.

ஒன்றுக்கு மட்டும் எந்த மூச்சும் உதவவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டால் என் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும். மன்னித்துவிட்டால் போய்விடும் என்று கோயில் பூசாரிகூடச் சொன்னார். முயன்று பார்த்தேன். அந்த நடுங்கும் விரல்கள் கண்முன் வந்து நின்றன. கடைசியில் நானும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் போட்டோம். அதற்குப் பிறகு பரவாயில்லாமல் தூங்கினேன்.

டாக்டர் அம்மா ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, மறுபடியும் வேனை எடுக்கிறாயா என்று துரை கேட்டார். நான் பழைய குரூப்பில் என் குரலிலேயே பேசி அனுப்பினேன். எனக்கு என்ன இருந்தது, என்ன செய்தேன், மறுபடி வந்தால் வேனை ஓரமாக நிறுத்தி உங்களுக்குச் சொல்லிவிடுவேன், எஞ்சின் சூடு என்று பொய் சொல்ல மாட்டேன், விருப்பம் உள்ளவர்கள் அனுப்புங்கள் என்றேன். பாதிப் பேர் அனுப்பினார்கள். மற்றவர்கள் அனுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் அவன் ஒரு தட்டு முறுக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"இன்னும் கோவமாடா?" என்றான். "புள்ளைங்களுக்காகத்தான்டா சொன்னேன்."

"சொன்னதுக்குக் கோவமில்ல" என்றேன். என் தோள் ஏறுவது தெரிந்தது. மூச்சை நீளமாக விட்டேன். "பாய் கடையில செஞ்சு காட்டினியே, அதுவும் புள்ளைங்களுக்காகவா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான் போலும். தட்டை நீட்டியபடியே நின்றான். மனைவி வந்து அதை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டு அதிரசத்தை அதில் வைத்துக் கொடுத்தாள். அவன் தட்டோடு திரும்பிப் போனான்.

பள்ளி திறந்ததும் அவன் மகள் பையோடு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் அப்பன் அனுப்பினானா, அவளே அடம்பிடித்தாளா தெரியாது. நான் கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு வேனை எடுத்தேன். அவனும் நானும் இப்போது வழியில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறோம். மழை, தண்ணீர்க் குழாய், கரண்டு இதைப் பற்றியெல்லாம் இரண்டு வார்த்தை பேசுவோம். "எப்படி இருக்க?" என்று ஒருமுறை கேட்டான். "நல்லாருக்கேன்" என்றேன். அன்று காலையிலிருந்து நெஞ்சு இறுக்கமாகத்தான் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.